நாணத்தைக் கடக்கும் சொல்

குமராட்சிச் சாலை வழியே சிதம்பரம் செல்லும் பேருந்தில் காலை வேளைகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்றுண்டு. கல்லூரிக்குச் செல்லும் இளைஞன் ஒருவன், தன் மனம் நாடும் பெண்ணிடம் ஒரு சொல் பேச எண்ணுகிறான். ஊர் வந்து சேர்கிறது; சொல் வந்து சேர்வதில்லை. இதைக் கண்டு நகைப்பது எளிது. ஆனால் அந்தத் தயக்கத்தையே பொருளாகக் கொண்டு அழியாத இலக்கியம் படைத்த ஒருவர், அதே சிதம்பரத்தில் வாழ்ந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் மௌனி (1907–1985). ஏறத்தாழ இருபத்து நான்கு கதைகளே எழுதினார். ஆயினும் புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று போற்றினார். 1937-இல் 'மணிக்கொடி'யில் வெளிவந்த 'அழியாச்சுடர்' அவருடைய புகழ்பெற்ற கதை.

கோயிலில் ஒரு பெண்ணைக் காண்கிறான் இளைஞன். நாணம் அவனை விட்டகல்கிறது. அவளுக்காக எதையும் செய்யத் தான் காத்திருப்பதாக, அவள் செவியில் விழும்படி சொல்லிவிடுகிறான். தூணில் நிற்கும் யாளியும் அச்சொல்லுக்குச் சாட்சி ஆகிவிட்டதுபோல் அவன் உணர்கிறான். ஒன்பது ஆண்டுகள் கழிகின்றன. அவள் மீண்டும் அவன்முன் வரும்போது, அன்று சொன்ன சொல் அவனைப் பற்றிக்கொள்கிறது.

இக்கதையின் மொழியழகை நாம் மறுக்கவில்லை. சொல்லப்படாத உணர்வுக்கு இத்தனை உருவம் கொடுத்தவர் தமிழில் மிகச் சிலரே. எனினும் ஒரு வினா நம்மை விடுவதில்லை: இந்த இளைஞன் உண்மையில் நாணத்தைக் கடந்தானா? அவன் பேசினான், ஆனால் கேட்கவில்லை. அவள் பெயர் என்ன, அவள் விருப்பம் என்ன என்று ஒருமுறையேனும் வினவவில்லை. பதிலுக்கு இடம் வைக்காத அந்தச் சூளுரை, உரையாடல் ஆகாமல் தனிமொழியாகவே நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுகள் எரிந்ததும் அதனால்தான்.

வள்ளுவர் வரிசையை இங்கு நினைவுகூர்வது தகும். 'குறிப்பறிதல்' 110-ஆம் அதிகாரம். 'நாணுத்துறவுரைத்தல்' 114-ஆம் அதிகாரம். முதலில் மற்றவர் உள்ளத்தை அறிய வேண்டும். நாணத்தைத் துறப்பது அதன் பின்னரே. அந்த 114-ஆம் அதிகாரத்துத் தலைவனும் மடலேறத் துணிந்து நாணத்தைத் துறக்கிறான். பனைமடலால் செய்த குதிரையேறித் தெருவில் வந்து ஊரறியத் தன் காதலைச் சொல்வது அது. பழங்காலத்து வழக்கு எனினும், ஊரைக் கூட்டி ஒரு பெண்ணை இசைய வைப்பது இன்று நமக்கு ஏற்புடையதன்று. மௌனியின் நாயகன் தாழ்ந்த குரலில் பேசினான். மடலேறியவன் ஊரறியப் பேசினான். இருவருமே அவளுடைய பதிலைக் கேட்கக் காத்திருக்கவில்லை.

தொடக்கநூலில் ஈசாக்கிற்குப் பெண் பேச வந்தபோது, ரெபேக்காவை அழைத்து அவளுடைய விருப்பத்தைக் கேட்டார்கள். அவள் போவதாகச் சொன்ன பிறகே பயணம் தொடங்கியது. அத்தனை எளிய கேள்வி அது!

பேருந்தில் தயங்கி நிற்கும் தம்பிக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: பெரிய சொற்கள் வேண்டா. இன்று தேர்வு எப்படி இருந்தது என்று கேள். அவள் பேச விரும்பினால் பேசுவாள். விரும்பாவிட்டால் அதுவும் ஒரு பதிலே. அதை மதித்து விலகி நிற்கக் கற்றவனே நாணத்தை மெய்யாகக் கடந்தவன். 'அழியாச்சுட'ரையும் தவறாமல் படித்துப் பார். சொல்லிவிட்டுப் பதில் கேளாதவன் நெஞ்சில் எரிவது என்ன என்பதை அது உனக்குக் காட்டும்.