பிரனீஸ் கணவாய்க்கு ஒரு காற்றழுத்தக் கடிகாரம்

சான்டியாகோ யாத்திரையின் பிரெஞ்சு வழியில் நடக்கிறவர்களுக்கு முதல் நாளே மலை. பிரான்சின் எல்லையோர ஊரான சான் ழான் பியே து போர், கடல்மட்டத்திலிருந்து சுமார் 170 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து ஏறி, லெபோயெதெர் கணவாயில் 1,430 மீட்டரைத் தொட்டு, ஸ்பெயின் பக்கம் ரொன்செஸ்வாயெஸ் மடத்துக்கு இறங்க வேண்டும். ஏறக்குறைய 25 கிலோமீட்டர். உடம்பு இன்னும் நடைக்குப் பழகியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் வானமும் ஒரு நிலையில் நிற்காது. 2010-இல் வந்த ‘தி வே’ படத்தில் கதாநாயகனின் மகன் புயலில் சிக்கி இறந்துபோவது இந்த முதல் நாள் பாதையில்தான்.

ஸ்பெயினின் நவார் மாநில அரசு நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இந்த மேட்டுப்பாதையை மூடிவைக்கிறது. ஏப்ரல் 1 அன்று பாதை திறக்கும். ஆனால் தேதியைப் பார்த்துக் குளிர்காலம் விலகிப் போவதில்லை. கணவாயில் ஏப்ரல் கடைசியிலும் பனி பெய்யலாம். பாதுகாப்பான மாற்றுவழி ஒன்று உண்டு: வல்கார்லோஸ் கிராமம் வழியாகப் பள்ளத்தாக்கை ஒட்டி ஏறி, 1,057 மீட்டர் உயரமுள்ள இபான்யேத்தா கணவாயில் மலையைத் தாண்டுவது. ஆக, மேலே போவதா, பள்ளத்தாக்கில் போவதா என்பதை ஒவ்வொரு யாத்ரீகரும் காலையில் கிளம்பும் முன் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுக்குக் கையில் கட்டும் ஒரு கருவி எவ்வளவு உதவும் என்று பார்க்கத்தான் சூன்டோ கோர் கடிகாரத்தோடு போனேன்.

சூன்டோ பின்லாந்து நிறுவனம்; 1936-இல் திசைகாட்டி செய்யத் தொடங்கியவர்கள். கோர் பழைய பாணிக் கருவி. ஜிபிஎஸ் கிடையாது, போனோடு பேசாது, இதயத்துடிப்பை எண்ணாது. உயரம், காற்றழுத்தம், வெப்பநிலை, திசை, நேரம், அவ்வளவுதான். சிஆர்2032 பட்டன் செல் போதும். பின்மூடியை ஒரு நாணயத்தால் திருகி நாமே மாற்றிக்கொள்ளலாம். பத்துப் பேர் படுக்கும் அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட் இருக்கும் விடுதிகளில் வாரக்கணக்கில் தங்கும்போது, சார்ஜ் கேட்காத கருவியின் அருமை சீக்கிரமே புரிந்துவிடும்.

திரையின் ஓரத்தில் இரண்டு சின்னக் கோடுகள் தெரியும். வலது கோடு கடைசி மூன்று மணி நேரத்துக்கு உரியது, இடது கோடு அதற்கு முந்தைய மூன்று மணி நேரத்துக்கு. அழுத்தம் 2 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு ஏறினாலோ இறங்கினாலோதான் கோடு சாயும். மூன்று மணி நேரத்தில் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிட்டால் புயல் அலாரம் அடிக்கும். காற்றழுத்தம் வேகமாகக் குறைகிறது என்றால் பெரும்பாலும் மழைமுகம் நெருங்கி வருகிறது என்று பொருள். இந்த ஒரு விதியை நம்பித்தான் கருவியே இருக்கிறது.

இதன் பலன் மலையேறுவதற்கு முந்தைய மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. சான் ழானில் அன்று ஏப்ரலுக்குப் பொருந்தாத வெக்கை. சிட்டாடல் தெருவில் யாத்ரீகர்கள் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். மலைமுகடுகள் கழுவித் துடைத்தாற்போல் அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு தெளிவாக. தெற்கிலிருந்து சூடான காற்று. பாஸ்க் மக்கள் இந்தக் காற்றை நன்றாக அறிவார்கள். அவர்கள் மொழியில் இதற்கு ‘எகோ ஐசேயா’ என்று பெயர். மலையைத் தாண்டி வடக்கே இறங்கும்போது காற்று அமுங்கிச் சூடேறி உலர்ந்துவிடுகிறது. அட்லான்டிக்கிலிருந்து மழைமுகம் வருவதற்கு முன்னால் அடிக்கடி இது வீசும். கண்ணுக்குத் தெரிவதோ அருமையான வானிலை! விடுதி ஜன்னல் விளிம்பில் அசையாமல் வைத்திருந்த கடிகாரத்தில் வலது கோடு கீழே சாய்ந்திருந்தது. படுக்கப் போகும் நேரத்தில் இரண்டு கோடுகளுமே கீழே. காலையில் காற்று வடமேற்குக்குத் திரும்பி, மேகம் மலையின் இடுப்புவரை இறங்கியிருந்தது. சிட்டாடல் தெருவில் 39-ஆம் எண்ணில் இருக்கும் யாத்ரீகர் அலுவலகத்திலும், மேலே போக வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஊரிலேயே தங்கிவிட்டு, வானம் வெளுத்த பிறகு ஏறினேன்.

ஏறும்போது கடிகாரத்தின் வேலையே மாறிவிடுகிறது. வாங்க நினைப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சான் ழானில் சாதாரண நாளில் காற்றழுத்தம் 990 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். லெபோயெதெர் கணவாயில் 855-ஐ ஒட்டி. ஒரே நாளில் நடந்தே ஏறக்குறைய 135-ஐக் குறைத்துவிடுகிறோம். புயலுக்கு அடையாளமான 4 ஹெக்டோபாஸ்கல், அந்த மலைச்சரிவில் வெறும் 35 மீட்டர் ஏற்றத்துக்குச் சமம். மூச்சு வாங்க நின்று மறுபடி நடக்கும் ஒரு வளைவுக்குள் அது முடிந்துவிடும். அழுத்தம் குறைந்தது நாம் ஏறியதாலா, வானிலை மாறியதாலா என்று உணரிக்குத் தெரிய வழியில்லை. எனவே கோர் ஓர் அனுமானம் செய்கிறது. மூன்று நிமிடத்தில் 5 மீட்டர் அளவுக்கு மாறினால், நாம் ஏறுகிறோம் அல்லது இறங்குகிறோம் என்று எடுத்துக்கொண்டு உயரமானியாகிவிடும். பன்னிரண்டு நிமிடம் உயரம் மாறாமல் இருந்தால் மறுபடி காற்றழுத்தமானி. உயரமானியாக இருக்கும் நேரத்தில் புயல் அலாரம் வேலை செய்யாது. அதாவது, நெற்றியில் வியர்வையோடு ஏறிக்கொண்டிருக்கும்போது கடிகாரம் எச்சரிக்கும் என்று காத்திருக்கக் கூடாது. கருவியின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன்; ஒரே உணரியை வைத்து இரண்டு கேள்விக்குப் பதில் தேடினால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் மலையேறிகளிடம் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது, அதைக் கோர் அழகாகச் செய்கிறது. கிளம்பும்போது ஊரின் சரியான உயரத்தைக் கடிகாரத்தில் பதித்துவிட வேண்டும். எட்டுக் கிலோமீட்டர் தாண்டி ஓரிசோன் விடுதி வரும். ஏறக்குறைய எல்லோரும் அங்கே காபிக்கு நிற்பார்கள். வரைபடத்தில் அந்த இடத்தின் உயரத்தைப் பார்த்து, கடிகாரம் காட்டும் எண்ணோடு ஒப்பிட்டால் போதும். கடிகாரம் பத்து மீட்டர் கூடக் குறையக் காட்டினால் கவலையில்லை. நாற்பது மீட்டர் கூடுதலாகக் காட்டினால், நாம் ஏறாத அந்த நாற்பது மீட்டரைக் காற்றழுத்தம் இறங்கி ஏறியிருக்கிறது. புயல் அலாரம் சொல்ல வேண்டியதை நாமே கண்டுபிடித்துவிட்டோம். ஓரிசோனிலிருந்து திரும்பி இறங்குவது எளிது. அதைத் தாண்டினால் மேலே திறந்த புல்வெளிதான். காற்றை மறைக்க மரம்கூடக் குறைவு. அதனால் இந்தக் கணக்கை வேறெங்கும் செய்யாவிட்டாலும் ஓரிசோனில் செய்துவிடுங்கள். நான் பார்த்தபோது எண்கள் ஒத்துப்போயின. நிம்மதியாக மேலே நடந்தேன்.

வெப்பநிலை காட்டுவதையும் நம்பலாம், ஆனால் மணிக்கட்டில் இருக்கும்போது அல்ல. உடம்புச் சூடு உணரியை ஏமாற்றிவிடும். கழற்றிப் பையின் தோள்வாரில் கட்டிவிட்டால் கால் மணி நேரத்தில் சரியான எண் வரும். ரெயின்கோட் கையை விலக்காமல் பார்க்கவும் அதுதான் வசதி. நூறு மீட்டருக்கு 0.65 டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கில், ஊரில் 10 டிகிரி இருந்தால் கணவாயில் 2. மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் 5 மாதிரி உறைக்கும். காற்றின் வேகத்தை அளக்கும் கருவி கோரில் இல்லை. வசந்தகாலத்தில் இந்தப் பாதையில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர்தான்.

இதனால் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஏற வேண்டாம். காற்றுக்கு விண்டி செயலி இருக்கிறது. அதில் ஊரின் பெயரைத் தேடாமல், வரைபடத்தில் லெபோயெதெர் கணவாய்மேலேயே விரலை வைத்து, அரோம் என்ற மாதிரியைத் தேர்ந்தெடுங்கள். அது பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தியோ பிரான்ஸின் கணிப்பு, 1.3 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடுவதால் மலையின் ஏற்ற இறக்கம் அதற்கு ஓரளவு தெரியும். பாதை நடுவில் எல்லையைத் தாண்டுவதால் மறுபக்கத்துக்கு ஸ்பெயினின் ஏமெட் செயலி வேண்டும். ஏமெட் நவார் பிரனீஸுக்கென்றே தனி மலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது, யாத்ரீகர்கள் பலர் அதைப் பார்ப்பதில்லை. இவற்றை முந்தைய இரவே விடுதி வைஃபையில் பார்த்துவிடுவது நல்லது. குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், நனைந்த விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது. போனில் மிச்சமிருக்கும் சார்ஜை 112-க்காக வைத்திருங்கள். இரண்டு நாட்டிலும் அவசர உதவிக்கு அதே எண்தான்.

மூடுபனி சூழ்ந்தால் அழுத்தக்கோடு எதற்கும் உதவாது. கோரின் திசைகாட்டிதான் கைகொடுக்கும். ஒரு காலத்தில் இபான்யேத்தா கணவாயில் பனிமூட்ட வேளையில் யாத்ரீகர்களுக்கு வழிகாட்ட மணி அடிப்பார்களாம். லெபோயெதெர் கணவாயிலிருந்து ரொன்செஸ்வாயெஸுக்கு இறங்க இரண்டு வழிகள். நேரே இறங்கும் பீச் மரக்காட்டுப் பாதை செங்குத்து, ஈர இலைகளில் வழுக்கும். சற்றுச் சுற்றினாலும் இபான்யேத்தா வழியே நல்லது. முட்டி பாழாகாமல் மடம் போய்ச் சேரலாம்.

யாருக்கு இந்தக் கடிகாரம்? யாத்திரைக்குப் பிறகும் மலைகளில் நடக்கப் போகிறவர்களுக்கு, சார்ஜர் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு, தயங்காமல் சொல்வேன். இந்த ஒரு யாத்திரைக்காக மட்டும் என்றால், முதலில் உங்கள் போனில் காற்றழுத்த உணரி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஐபோன்களில் 2014-இல் வந்த ஐபோன் 6 முதலே இருக்கிறது. விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இருக்காது. இருந்தால், ஓர் இலவச பாரோமீட்டர் செயலியை மாலை ஆறு மணிக்குத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, ஒன்பது மணிக்கு அதே மேசையில் வைத்து மறுபடி பார்த்தால் அந்த இரண்டு கோடுகள் சொல்வதை நீங்களே படித்துவிடலாம். மிச்சமாகும் பணத்தில் தையல் ஒட்டிய நல்ல ரெயின்கோட், தண்ணீர் புகாத கையுறை, காதை மூடும் தொப்பி ஆகிய மூன்றையும் வாங்குங்கள். கடிகாரம் வாங்கினாலும் இவற்றை வாங்காமல் கிளம்ப வேண்டாம்.