ஜேன் ஆர்டனின் காகித உடைகள்

குற்றக் கும்பல்களுக்குள் தானே நுழைந்து துப்பறியும் நிருபர் ஜேன் ஆர்டன், ஒரு சித்திரத் தொடரின் நாயகி. அதை முதலில் எழுதியவர் மான்டி பாரெட், வரைந்தவர் ஃபிராங்க் எல்லிஸ். 1920களின் பிற்பகுதியில் அமெரிக்க நாளிதழ்களில் தொடங்கிய இந்தத் தொடர் 1968 வரை ஓடியது. சூப்பர்மேன் கதைகளின் லோயிஸ் லேனுக்கு இவள் மூத்தவள். ஆனாலும் இன்று லோயிஸைத் தெரிந்த அளவுக்கு இவளை யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வண்ணப் பக்கத்தில் கதையோடு ஜேனின் காகிதப் பொம்மையும் அதற்கான உடைகளும் வரும். உள்ளாடையோடு நிற்கும் உருவம். பக்கத்தில் கோட்டு, மாலைநேர கவுன், தொப்பி. உடைகளின் தோளிலும் இடுப்பிலும் சிறு பட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பின்பக்கம் மடித்தால் உடை உடம்பில் நிற்கும். செய்தித்தாள் துவளும் என்பதால் பொம்மையை முதலில் அட்டையில் ஒட்ட வேண்டும்.

எனக்கு வியப்பு, அந்த உருவத்தின் நிலைதான். எல்லா உடையும் பொருந்த வேண்டுமென்றால் கைகால்கள் உடையை மறைக்காமலும் உடைக்குள் அடங்கியும் நிற்க வேண்டும்; அப்படியிருந்தும் விறைப்பு தெரியக்கூடாது. இது தையற்காரர் கணக்கும் ஓவியர் கண்ணும் சேர்ந்த வேலை. கதையில் அவள் ஆபத்தைத் தேடிப் போனாள். அடுத்து என்ன உடுத்துவாள் என்பதை மட்டும் கத்தரிக்கோல் பிடித்த வாசகி முடிவு செய்தாள்.

காமிக்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தக் காகித உடைகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.