செஞ்சிக் கோட்டைக்குக் கைபேசியில் டிக்கெட்

செஞ்சிக்குப் போகிறவர்கள் கோட்டை டிக்கெட்டைக் கிளம்புவதற்கு முன்பே கைபேசியில் எடுத்துவிடுங்கள். கவுண்டரில் 25 ரூபாய், இணையத்தில் 20. வெளிநாட்டு விருந்தினர் கூட வந்தால் 300 ரூபாய்க்குப் பதில் 250. 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து ரூபாய் மிச்சம் பெரிதில்லை. வெயில் ஏறுவதற்குள் மலையடிக்குப் போய்விடலாம் என்பதுதான் இதில் லாபம். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி விடுமுறை நாளில் வரிசை இருக்கும் என்று எதிர்பார்த்தே போக வேண்டும்.

செஞ்சிக்கு அருகிலுள்ள அனந்தபுரத்தில் தங்கியிருந்தபோது, பேருந்து வருவதற்குள் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே டிக்கெட் எடுத்தேன். இந்தியத் தொல்லியல் துறையின் இணையப் படிவத்தில் ஊர், இடம், தேதி மூன்றையும் தேர்ந்தெடுத்து, பெயர், வயது, அடையாள அட்டை எண், மின்னஞ்சல் எல்லாம் நிரப்ப வேண்டும். நான் நிரப்பியது ஆங்கிலப் படிவம். ஒருவருக்கு என்றால் சிரமமில்லை. ஆறேழு பேர் கொண்ட குடும்பம் என்றால், எல்லோருடைய அட்டை எண்ணையும் முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பணம் யுபிஐயில் போனது. க்யூஆர் கோடுள்ள டிக்கெட் மின்னஞ்சலுக்கு வந்தது. 2025 பிப்ரவரியிலிருந்து ஓஎன்டிசி என்ற இணைய வணிக வலையமைப்பு வழியாகப் பயணச் செயலிகளிலும் இதே டிக்கெட் கிடைக்கிறது. விலையில் சலுகையும் இதேதான்.

வாசலில் வைத்திருக்கும் க்யூஆர் பலகையை ஸ்கேன் செய்தும் வாங்கலாம். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மலையடிவாரத்தில் சிக்னல் வந்து வந்து போகும். ஓடிபிக்காகக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் பாதிப் படி ஏறிவிடலாம். டிக்கெட் வந்தவுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ய முடியாது என்பதால் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிடுங்கள்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மலைக்கும் ஒரே டிக்கெட் போதும். ஆனால் பிற்பகலில் தாமதமாகப் போனால் ராஜகிரி உச்சிக்கு ஏற விடமாட்டார்கள். இந்த ஒரு விவரம் டிக்கெட்டிலேயே பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். தொலைவிலிருந்து வருகிறவர் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு மலைப்படிக்கு வரும்போது வழி அடைத்திருந்தால், அவர் பார்க்க வந்தது போய்விடும்.

அதற்காக மணிக்கணக்கு டிக்கெட் இங்கே வேண்டாம். 2023இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ஓவியர் வெர்மீரின் 28 ஓவியங்களை ஒன்றுசேர்த்து வைத்தபோது, திறந்த சில நாட்களிலேயே டிக்கெட் முழுவதும் தீர்ந்துபோனது. குறித்த நேரத்துக்கு மட்டும் நுழைவு என்பது அங்கே தேவை. அறைகளின் கொள்ளளவு அவ்வளவுதான். தாஜ்மகாலிலும் ஒரு டிக்கெட்டுக்கு மூன்று மணி நேரம்தான். செஞ்சி அப்படிப்பட்ட இடமில்லை. முழங்கால் வலிக்கிற அம்மா உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவார். கீழே வெங்கடரமணர் கோயில் கோபுர வாயிலில் பாற்கடல் கடையும் சிற்பத்துக்கே அரைமணி நேரம் வேண்டும். அந்தக் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி அவை இன்றும் நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு நேரம் இன்னும் கூடுதலாகத்தான் தேவைப்படும்.

டிக்கெட் எடுப்பதைப் பொறுத்தவரை எனக்கு மனநிறைவுதான். மனம் நிறையாதது வேறொன்றில். அனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பனமலை இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் 1300 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில். அதன் பக்கச் சன்னிதி ஒன்றின் சுவரில் பார்வதி ஓவியமாக நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்த நிலை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும் சிவனின் நடனம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. அவள் மட்டும் தப்பியிருக்கிறாள். பல்லவர் காலத்து ஓவியத்தில் நமக்கு மிஞ்சியிருப்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் இவ்வளவு நயமான முகம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் பார்க்கக் காசு வாங்குவதில்லை. அதனாலேயே டிக்கெட் விற்கும் எந்தச் செயலியிலும் இது இல்லை. கைபேசியை நம்பிப் பயணத் திட்டம் போடுகிறவர், செஞ்சியைப் பார்த்துவிட்டு இந்த ஊர் வழியாகவே போனாலும் பார்வதியைப் பார்க்காமல் போய்விடுவார்.

இதற்கு வழி இருக்கிறது. காசில்லாத இடங்களையும் அதே படிவத்தில் பூஜ்ய ரூபாய் டிக்கெட்டாகச் சேர்க்கலாம். பெயரும் அட்டை எண்ணும் கேட்க வேண்டாம். சன்னிதி எப்போது திறந்திருக்கும், சாவி யாரிடம் இருக்கும், ஓவியத்தின் அருகே ஃபிளாஷ் போடக் கூடாது என்ற மூன்று விவரங்களைத் தமிழில் காட்டினால் போதும். ஒரு நாளில் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பதும் கோயிலில் இருப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். கூட்டம் கூடினால் சுவர் தாங்காது. அந்த எண்ணிக்கை கையில் இருந்தால் அன்றைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு வைக்கவும் முடியும்.