அந்த முனை யாருடையது?

வாட்ஸ்அப்பில் புதிதாக ஒருவரிடம் பேசத் தொடங்கினால், மேலே பூட்டுச் சின்னத்துடன் ஓர் உறுதிமொழி தெரியும். பேசும் இருவரைத் தவிர வேறு யாரும் இதைப் படிக்க முடியாது என்கிறது அது. 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் வந்துசேர்ந்த 'முனைக்கு முனை மறையாக்கம்' தரும் உறுதி இது. அனுப்புபவரின் போனில் பூட்டப்படும் செய்தி பெறுபவரின் போனில்தான் திறக்கும். இடையில் இருக்கும் சர்வரிடம் சாவி கிடையாது.

இதை நான் பொய் என்று சொல்லவில்லை. அந்த முனை யாருடையது என்றுதான் கேட்கிறேன்.

என் தோழியின் போனில் இரண்டு பேரின் கைரேகைகள் இருந்தன. கல்யாணமான புதிதிலேயே, "நமக்குள்ள என்ன ஒளிவுமறைவு?" என்று கணவன் தன் விரலையும் பதிந்துகொண்டான். அவள் தன் அம்மாவுக்கு மட்டும் எழுதிய ஒரு விஷயத்தை ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொல்லிக் காட்டினான். 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அவனுடைய லேப்டாப் அதில் இருந்தது. ஒருமுறை க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் போதும், அவள் போன் அணைந்திருந்தாலும் செய்திகள் அங்கே போய்ச் சேரும். எந்த மறையாக்கத்தையும் அவன் உடைக்கவில்லை. செயலியின் கணக்கில் அந்த லேப்டாப்பும் அவள்தான்.

2023இல் உரையாடலைத் தனியாகப் பூட்டும் வசதி வந்தது. கைரேகைப் பூட்டு அவன் விரலுக்கும் திறக்கும் என்பதால், ரகசியக் குறியீடு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவள் சிரித்தாள். "பூட்டினா, எதைப் பூட்டி வச்சிருக்கேன்னு கேப்பாரு."

இந்தச் செயலியை வடிவமைத்தவர்கள் எதிரியை வெளியே வைத்து யோசித்திருக்கிறார்கள். ஆளுக்கொரு போன், அது அவரவர் கையில் என்பது அவர்கள் கணக்கு. பெண்ணின் போன் வீட்டுக்கே பொது. அங்கே பூட்டு பாதுகாப்பாக இருப்பதில்லை, குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. வீட்டின் அந்தரங்கம் பெண் மீதான வன்முறைக்குத் திரையாகிவிடும் என்ற பெண்ணிய விமர்சனமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டிருக்கிறது. குடும்பத்தின் அந்தரங்கம் வேறு, குடும்பத்துக்குள் அவளுக்கான அந்தரங்கம் வேறு. செயலிக்கு இந்த வேறுபாடு தெரியாது. நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோழி அந்த லேப்டாப்பை உடனே நீக்கவில்லை. நீக்கினால் அவனுக்குத் தெரிந்துவிடும். முதலில் பஸ் ஏறி அம்மா வீட்டுக்குப் போய், சொல்ல வேண்டியதை நேரில் சொன்னாள்.