திருகுத்தண்டு

வீட்டிலேயே செய்த சிஎன்சி ரவுட்டரைப் பார்க்க வருகிறவர்கள் சுழலும் கட்டரைத்தான் பார்ப்பார்கள். என் கண் கட்டரை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ என்ற திருகுத்தண்டில் நிற்கும். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றை 200 அடிகளாக எடுத்து வைக்கிறது. ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் தண்டு என்றால், ஓர் அடிக்கு 0.04 மி.மீ.; ஏறத்தாழ ஒரு தலைமுடிக் கனம்!

கணக்கு சுத்தம்; இரும்பு அப்படியில்லை. நட்டில் துளி ஆட்டம் இருந்தாலும், திசை திரும்புமிடங்களில் வட்டம் தட்டையாகிவிடும். அதற்குத்தான் ஸ்பிரிங் வைத்த இரட்டை நட்டு. இயந்திரத்தின் சட்டமும் கோணாமல் இருக்க வேண்டும்; அதன் மூலைவிட்டங்கள் இரண்டையும் டேப் பிடித்துச் சமமாக்குவது தச்சர்களின் பழைய வித்தை. அர்டுயினோவில் ஓடி மோட்டார்களை இயக்கும் ஜிஆர்பிஎல் மென்பொருளுக்குச் சட்டம் கோணலென்று தெரியவே தெரியாது. முதல் ஓட்டத்துக்கு எம்டிஎஃப் பலகை போதும். அதன் தூசி பொல்லாதது, முகமூடி கட்டாயம்.