தட்டின் பெருமை ஒலியில் இல்லை

கோவில்பதாகையில் இருந்துகொண்டு அமெரிக்க ஹார்ட் ராக் இசைத்தட்டுகளைச் சேர்ப்பது செலவு பிடித்த காரியம். இறக்குமதியாகும் மறுபதிப்பு ஒன்றுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். அனலாக் ஒலியின் தூய்மைக்காகத்தான் இவ்வளவும் என்பார்கள். அந்த வாதம் நிற்காது. அமெரிக்காவின் மொபைல் ஃபிடிலிட்டி நிறுவனம், தன் விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றின் தயாரிப்பில் டிஜிட்டல் கட்டம் உண்டு என்பதை 2022-இல் ஒப்புக்கொண்டது. அதுவரை அவற்றை அனலாக்கின் உச்சம் என்று கொண்டாடியவர்களின் காதுக்கு அது தெரியவேயில்லை.

தட்டின் பெருமை அதன் இடப்பற்றாக்குறையில் இருக்கிறது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடம்தான் நல்ல கனத்தோடு அடங்கும். அதற்கு மேல் போனால் வரிப்பள்ளங்களை நெருக்கி ஒலியளவைக் குறைக்க வேண்டும். முதலில் அடிபடுவது பேஸும் டிரம்ஸும். போதாக்குறைக்கு, விளிம்பில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கும் பள்ளம், லேபிளை நெருங்கும்போது அதில் பாதி வேகம்கூட இல்லாமல் ஊர்கிறது. உச்ச ஒலிகள் அங்கே பிசிறடிக்கும்.

இந்த நெருக்கடியே பாடல் வரிசையை ஒரு கலையாக்கியது. ஏரோஸ்மித்தின் ‘டாய்ஸ் இன் தி அட்டிக்’ (1975) ஆல்பத்தைப் பாருங்கள். முதல் பக்கம் ஆரவாரமாக முடிகிறது. எழுந்துபோய்த் தட்டைத் திருப்புகிறோம். ‘ஸ்வீட் எமோஷன்’ பேஸ் கிட்டாரோடு மெல்லக் கிளம்புகிறது. அந்த அமைதிக்குப் பின் வருவதால்தான் அதற்கு அத்தனை வீச்சு. செல்போனில் இடைவெளியின்றிக் கேட்டால் அது கிடைப்பதில்லை. கடைசியில், உள்வட்டத்தில், பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த நிதானமான பாட்டு. வான் ஹேலனின் முதல் ஆல்பமும் (1978) மொத்தமே 35 நிமிடச் சொச்சம்தான். இவற்றைத் தட்டில் கேட்டே ஆக வேண்டும்.

கன்ஸ் அன்ட் ரோஸஸின் ‘அப்பிடைட் ஃபார் டிஸ்ட்ரக்‌ஷன்’ (1987) கதை வேறு. 53 நிமிடத்துக்கும் மேற்பட்ட இசையை ஒரே தட்டில் திணித்தார்கள். ஆறு நிமிட ‘ராக்கெட் குயின்’ லேபிளை ஒட்டிய நெருக்கடியில் போய் மாட்டிக்கொண்டது. எனக்கு மிகப் பிடித்த ஆல்பம் இது. ஆனாலும் சிடியில் கேளுங்கள் என்றே சொல்வேன்.

உறை பிரிக்காத தட்டை முதலீடாக அடுக்கி வைக்கும் பழக்கம்தான் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாதது. ஏரி சூழ்ந்த இந்த ஊரில் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்கு அட்டையில் பூஞ்சை பிடிக்கும். சித்திரையில் மொட்டைமாடி அறையின் சூட்டுக்குத் தட்டு நெளியும். அதை இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் உறையும் நெளிவைக் கூட்டவே செய்யும். பிரித்துப் பார்க்காதவருக்கு அந்தச் சேதம் விற்கப் போகும் நாளில்தான் தெரியவரும்.