ஒடிசியஸும் 22 வண்டிப் பாறையும்

அகிலீஸ்னா பலம், ஒடிசியஸ்னா புத்தி என்று பிரித்துவிடுகிறோம். ஹோமரைப் படித்தால் இந்தக் கோடு நிற்பதில்லை.

ஒடிசியின் 9ஆம் காண்டத்தைப் பாருங்கள். தூங்கும் பாலிபீமஸை ஒடிசியஸ் முதலில் வாளால் குத்தத்தான் போகிறான். ஆனா குகை வாசலில் இருப்பது 22 வண்டி பூட்டினாலும் அசையாத பாறை. அவனைக் கொன்றால் எல்லோரும் உள்ளேயே சாக வேண்டியதுதான். அதனால் கண்ணை மட்டும் குருடாக்குகிறான். கண் போனவன் பாறையைத் தானே எடுத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து தடவுகிறான். இவர்கள் ஆடுகளுக்கு அடியில் தொங்கியபடி வெளியேறுகிறார்கள். 'யாருமில்லை' என்ற பொய்ப்பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு எதிரியின் பலத்தையே சாவியாக்கிய இந்தக் கணக்குதான் பெரிசு.

சரி, இவ்வளவு புத்திசாலி கப்பலில் ஏறினதும் என்ன பண்றான்? அப்பா பேர், ஊர் பேரோட தன் நிஜப் பேரைக் கத்துறான்! அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாலிபீமஸ் தன் தந்தை பொசைடனிடம் சாபம் கேட்கிறான். புகழாசையில் இவன் அகிலீஸுக்குச் சளைத்தவன் இல்லை.

21ஆம் காண்டத்தில் பிச்சைக்கார வேடம் புத்தி, வில்லை நாணேற்றுவது தோள்பலம். அங்கே மகன் டெலிமாக்கஸ் நாலாவது முயற்சியில் நாணேற்றியே இருப்பான். அப்பா ஜாடை காட்டித் தடுக்கிறார். முடியக்கூடிய பையன், முடியலைன்னு நடிக்கிறான்.